பழைய டீசல் பிக்கப் வாங்குமுன்

விளைந்த காய்கறியைத் தாமே சந்தை சேர்க்க விரும்பும் உழவர் பலர், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் பிக்கப் வண்டிகளை விலை பேசுகின்றனர். தூரத்தைக் கண்டே வண்டியை ஒதுக்க வேண்டுவதில்லை. உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட டீசல் என்ஜின் நெடுநாள் உழைக்கும். மீட்டர் காட்டும் எண்ணோ திருத்தப்படக்கூடியது. சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே மேல்.

விடியற்காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பாராயின், மற்றொரு நாள் வருவதாகக் கூறித் திரும்புவது நலம். நீலப்புகை விடாது வருமாயின் என்ஜின் ஆயிலை எரிக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஆவி வேகமாகப் பீறிட்டெழுகிறதா? பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருத்தல் கூடும். ஒரு போக விளைச்சலின் வருமானம் என்ஜின் வேலைக்கே போய்விடும். மீனோ உப்போ ஏற்றிய வண்டியாயின், குனிந்து சேஸிஸின் துருவையும் காண்க.

ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டுள்ளதா என்று பாராமல் முன்பணம் தரலாகாது. எட்டாண்டு கடந்த சரக்கு வண்டிக்கு எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றினை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அச்செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வாரத்திற்கு ஒரு நடையே சுமை உடையவருக்கு வாடகை வண்டியே சிக்கனம் என்பது என் கருத்து.