மலையடியில் ஓர் இரவு

மலை ஏறுவதற்குத் துணிவு வேண்டும் என்பர். மலையடியில் ஓர் இரவு தங்க இடந்தேர்வதற்கு அதனினும் அரியதொன்று வேண்டும் என்பதைச் சென்ற ஆடி மாதத்திற் கற்றேன்.

கல்முனையிற் பிறந்தவர்க்கு மலை என்பது மேற்கே வயல்வெளிக்கு அப்பால் தெரியும் நீலக்கோடு. அக்கோட்டை அருகிற் சென்று காணவேண்டுமென மாணவர் அறுவர் விரும்பினர். மலையேற்றம் பழகிய நண்பர் ஒருவர் கயிறுகளும் தலைக்கவசங்களும் கொண்டு உடன்வர இசைந்தார். உரிய அனுமதி பெற்றுப் புறப்பட்டோம். அக்கரைப்பற்று, பொத்துவில் வழியே சென்று, மேற்கே திரும்பி, லகுகலைக் காட்டைக் கடந்து, சியம்பலாண்டுவைக்கு அண்மையிலுள்ள கோவிந்தஹெலவை அடைந்தோம். ஏறத்தாழ 1,800 அடி உயர்ந்து நிற்கும் அப்பாறைக்கு ஆங்கிலேயர் தம் தலைநகரத் தேவாலயத்தை நினைந்து ‘வெஸ்ட்மினிஸ்டர் அபே’ என்று பெயரிட்டனர். 13ஆம் நூற்றாண்டில், மாகனின் ஆட்சிக்கு அஞ்சாத இளவரசன் புவனேகபாகு இங்கு அரணமைத்து வாழ்ந்தான் எனச் சூளவம்சம் கூறும்.

பருவத்தைத் தேர்ந்ததிற் பிழையில்லை. வாடை மழை கொணரும் மாதங்களிற் பாறை வழுக்கும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் அது உலர்ந்து, வைத்த கால் நிலைக்கும். இடத்தைத் தேர்வதிலும் என் நூலறிவு முழுவதையும் காட்டினேன். செங்குத்துப் பாறையின் கீழே தங்கலாகாது: கல் உருளும், பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை இரவில் உமிழும். மேலே மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருப்பின் அடுப்புப் புகை அவற்றைச் சினமூட்டும். குகையிற் கரடி படுத்திருக்கக்கூடும். வறண்ட ஓடையின் மணற்படுகை மெத்தெனத் தோன்றினும், எங்கோ பெய்த மழை நள்ளிரவில் வெள்ளமாய் வந்து சேரலாம். இவற்றையெல்லாம் விளக்கிவிட்டு, சிறு குளமொன்றின் கரைமேட்டில், மருதமரத்தின் நிழலிற் கூடாரம் அடிக்கச் சொன்னேன். நீர் உண்டு, நிழல் உண்டு, சமதரை உண்டு. வேறென்ன வேண்டும்?

அந்திப்பொழுதில் எருமைகளைப் பட்டிக்குத் திருப்பிக்கொண்டு வந்த சிங்கள முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

“மாத்தயா, இங்க வேணாம். இது அலியா போற பாதை” என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். அலியா என்பது சிங்களத்தில் யானைக்குப் பெயர்.

எனக்குச் சற்றே மனம் சுருங்கியது. கூடாரங்கள் எழுந்துவிட்டன, மஃரிப் நேரமும் நெருங்கிவிட்டது. “இலத்தி ஒன்றையும் காணவில்லையே, ஐயா” என்றேன்.

அவர் வாதிடவில்லை, மருதமரத்தைச் சுட்டினார். என் தலைக்கு ஒரு முழம் மேலே, அடிமரத்திற் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. குளித்தெழுந்த யானை உடலை உரைஞ்சிய தடம் அது. அந்த மரத்திற் சாய்ந்தபடிதான் இரண்டு மணி நேரம் மாணவர்க்குப் பாடஞ் சொல்லியிருந்தேன். படிப்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன், மரத்தில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் நின்றேன்.

என்னை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய ஆறு வீடுகளும் நினைவுக்கு வந்தன. கூடாரங்களைப் பெயர்க்கச் சொன்னேன். “சேர், இருட்டப் போகுதே” என்று ஒருவன் முணுமுணுத்தான். முதியவர் வழிகாட்ட, அரைக்கட்டைத் தூரம் தண்ணீரைச் சுமந்து சென்று, அவர் வீட்டு வேலியோரத்து வெறும் பாறைத்தட்டிற் படுத்தோம். நீரும் இல்லை; நிழலும் இல்லை. நள்ளிரவிற் குளத்துப் பக்கமாய்க் கிளைகள் முறியும் ஓசை கேட்டது. ஒருவரும் பேசவில்லை.

விடிந்தபின் முதியவரோடு சென்று பார்த்தோம். கூடார முளைகள் அடித்த குழிகளின்மேல் வட்டத் தடங்கள் பதிந்திருந்தன, பெரியனவும் சிறியனவுமாய். குட்டியொன்றும் கூட்டத்தோடு சென்றிருக்கிறது.

பாறை உலர்வது நமக்கு வாய்ப்பு. அதே உலர்ச்சிதான் நீர்நிலைகளைச் சுருக்கி, எஞ்சிய குளங்களுக்கு யானைகளை அழைக்கிறது. லகுகலைக் குளத்தில் அவை பெருந்தொகையாய்க் கூடுவதும் இவ்வறண்ட மாதங்களிலேதான். நமக்கு நல்லிடமாய்த் தோன்றுவது அவற்றிற்கும் நல்லிடமே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தாற் காடு வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறியது. நம் கரையோர வட்டைகள் பலவும் அந்நீரால் விளைகின்றன. அச்சோற்றை உண்டு வளர்ந்த நாம், அவற்றுக்கு எஞ்சிய பாதையிலேனும் குறுக்கே படுக்காதிருத்தல் கடன். இடந்தேர்வோர் முதலிற் கேட்கவேண்டியது ‘இங்கு என்ன உண்டு?’ என்பதன்று, ‘இது யாருடையது?’ என்பதே. அதற்கு விடை சொல்லவல்லவர் அவ்வூரில் வாழ்பவர்.

அன்று கயிற்றின் துணையோடு உச்சியை அடைந்தோம். காற்று வீசிய அவ்வுயரத்தில் மாணவர் முதலில் நோக்கியது தொடுவானத்தையன்று. கீழே கிடந்த சிறு குளத்தை. காட்டிலிருந்து புறப்பட்டு, புல்வெளியை ஊடறுத்து, மருதமரத்தைத் தொட்டுக் குளத்தில் இறங்கும் மெல்லிய கோடொன்று தெளிவாய்த் தெரிந்தது.

முதல்நாள் முணுமுணுத்தவனே சொன்னான்: “சேர், பாதைதான்.”