ஒற்றைக்கால் தவம்

எங்கள் கொல்லைச் செஞ்சேவல் ஒரு நாள் காலையில் குப்பைமேட்டோரம் இடக்காலை அடிவயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மாமல்லபுரத்துப் பாறையிலே கைகளை உயர்த்தி நிற்கும் தபஸ்வியைப் போல ஒற்றைக்காலில் அசைவற்று நின்றபோது, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கோழிகள் அப்படி நின்று இளைப்பாறுவது சாதாரணம். ஆனால் கம்பை இறைத்ததும் ஓடிவந்து, தான் விழுங்காமல், 'டுக் டுக்' என்று குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைத்து, மணிகளைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் காட்டும் உபசாரத்தை அன்று அது செய்யவில்லை. நாலடி தூரத்தைத் தத்தித் தத்திக் கடந்து, பெட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றது. சேவல் பின்னால் நின்றால் விஷயம் சாமானியமானதல்ல.

அண்டை வீட்டார் காரணம் சொல்லத் தாமதிக்கவில்லை. கீரி பாய்ந்திருக்கும் என்றார் ஒருவர், தெருப்பையன் எவனாவது கல்லெறிந்திருப்பான் என்றார் இன்னொருவர், எதிர்வீட்டு ஆச்சியோ, "இது கண்ணேறுதான் தம்பி. கொண்டை அத்தனை சிவப்பா இருந்தா ஊர்க்கண்ணு சும்மா விடுமா? சாயங்காலம் மிளகாய் சுத்திப் போடு" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். மிளகாய் சுற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை; அதற்கு முன் சேவலின் சரீரத்தையே ஒருமுறை விசாரித்துவிடலாமே என்றுதான் தோன்றியது.

பட்சிகளின் நோயைக் கண்டுபிடிப்பதில் உள்ள முதல் சங்கடம், அவை நோயை ஒளித்துவைக்கும் என்பதே. தளர்ந்து நிற்கும் பறவையைத்தான் வல்லூறும் கீரியும் முதலில் குறிவைக்கும். கூட்டத்திலுள்ள சக கோழிகளும் பலவீனத்தைக் கண்டால் கொத்தி ஒதுக்கிவிடும். ஆதலால் நிற்க முடிகிற வரையில் நிமிர்ந்து நின்றுவிட்டு, இனி முடியாது என்ற ஸ்திதியில்தான் கோழி தன் உபாதையை வெளியே காட்டுகிறது. நேற்றுவரை நன்றாயிருந்தது, இன்று திடீரென்று இப்படி ஆகிவிட்டது என்று கோழி வளர்ப்போர் சொல்லும்போது, அந்தத் 'திடீர்' பெரும்பாலும் பார்த்தவருடையதே தவிரக் கோழியுடையதல்ல.

பொழுது சாய்ந்த பிறகு பிடிப்பதே உத்தமம். இருட்டில் கோழிக்குப் பார்வை மங்கும். கையை நீட்டினாலும் திமிறாது. பகலில் துரத்திப் பிடித்தால், மூச்சிரைப்பு நோயினால் வந்ததா ஓடியதால் வந்ததா என்று தெரியாமல் போகும். பிடிக்கும்போது மார்பை இறுக்கிவிடக் கூடாது; பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு தாராளமாக அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும் என்பதால், குழந்தையை அணைப்பதுபோல அன்போடு இறுக்கியே ஒரு கோழியைக் கொன்றுவிடலாம். இறக்கைகளைச் சேர்த்து ஒரு பழைய துண்டால் தளரச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். என் தம்பி மகன் டார்ச்சைப் பிடித்தான்.

கொண்டையிலிருந்து தொடங்கினோம். அது கருநீலம் பாய்ந்திருந்தால் மூச்சிலோ ரத்த ஓட்டத்திலோ கோளாறு. வெளுத்திருந்தால் பேன், செள், குடற்புழு முதலியவை ரத்தத்தைக் குறைக்கின்றன என்று சந்தேகிக்கலாம். கழுத்தடியிலுள்ள தீனிப்பை மாலையில் நிறைந்தும் விடியலில் வற்றியும் இருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்திமுனை போலக் கையில் உறுத்தினால், நோய் நெடுநாளையது. எங்கள் சேவலுக்கு இவையெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. இறகுகளை ஒதுக்கி ஒதுக்கித் தோலைப் பார்த்தோம். பற்குறியும் இல்லை, கல்லடிபட்ட கன்றலும் இல்லை. தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்வதற்கும் வழியில்லை. ஆரோக்கியமான கோழியின் உடல் உஷ்ணமே சுமார் 106, 107 டிகிரி பாரன்ஹீட் என்பதால் நம் கைக்கு அது எப்போதும் சுடவே செய்யும். ஒரு காலை இன்னொரு காலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே யுக்தி.

கோழியின் கால் விழுவதற்குப் பெரிய ரோகங்களும் காரணமாவதுண்டு. அவற்றைப் பரிசீலிக்காமல் சின்ன காரணத்தைத் தேடுவது விவேகமாகாது. நம் ஊரார் வெள்ளைக் கழிச்சல் என்று அஞ்சும் ராணிக்கெட் நோய், இமயமலைப் பகுதி ஊரொன்றின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது. அதில் கழுத்து திருகிக்கொள்ளும், கால்கள் துவளும், ஆனால் அது ஒரு கோழியோடு நிற்காது, கொல்லையையே துடைத்துவிடும். 1907இல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை வைத்தியர் யோசெஃப் மாரெக் வாதம் கண்ட நாலு சேவல்களை ஆராய்ந்து எழுதினார்; ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி கோழியைக் கிடத்திவிடும் அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அது பெரும்பாலும் இளம் பருவத்தில் தாக்குவது. எங்கள் சேவலோ மூன்று பொங்கல் கண்டது. இன்னொன்று தீனியால் வருவது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசிச் சோற்றையே தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றதும் எழுந்து நடப்பதையும் கண்டார். வைட்டமின் என்னும் ஞானத்துக்கு வாசல் திறந்த அந்த அவதானிப்புக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களுடைய பெரிபெரி நோயின் மர்மம் கோழியின் காலில் அவிழ்ந்தது என்பதை நினைத்தால், கொல்லையில் நொண்டும் பிராணியிடம் சற்று மரியாதை உண்டாகிறது. ஆனால் குப்பையைக் கிளறிப் புழுவும் பூச்சியும் கம்பும் தின்கிற சேவலுக்கு அந்தக் குறை வர நியாயமில்லை.

தொடையும் முழங்காலும் சரியாயிருக்கவே, கடைசியில் காலைத் திருப்பி உள்ளங்காலைக் கழுவினோம். அங்கேதான் இருந்தது. நடு மெத்தையில் மிளகளவு கறுத்த பொருக்கு ஒன்று. அதைச் சுற்றிச் சிவந்து பளபளத்த வீக்கம். வலக்காலைவிட நல்ல சூடு. வேட்டைக்குப் பழக்கிய ராஜாளிகளுக்கும் வரும் பாதப்புண் இது. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழ, அதன் வழியே, திராட்சைக் கொத்துப் போலத் திரள்வதால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்று கிரேக்கப் பெயர் பெற்ற கிருமி பெரும்பாலும் உட்புகுந்துவிடுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நமக்குக் கட்டி வந்தால் சீழ் நீராகி உடைந்து வடிந்துவிடும். பறவையின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் ரசாயனப் பொருள் போதாமையால், அதன் சீழ் வடியாமல் இறுகி, பாலாடைக்கட்டி போன்ற ஆணியாகி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே கோழியின் கட்டி பழுத்து உடையும் என்று காத்திருப்பது வீண். காத்திருக்கும் நாட்களில் அது எலும்பையும் தசைநாரையும் எட்டிவிடும்.

எங்களுடையது ஆரம்ப நிலை. கை பொறுக்கும் வெந்நீரில் உப்பிட்டுத் தினமும் கால்மணி நேரம் காலை ஊறவைத்து, துடைத்து, அயோடின் மருந்து தடவி, பஞ்சு வைத்துத் துணிநாடாவால் கட்டி, வைக்கோல் பரப்பிய பஞ்சாரத்துக்குள் அடைத்தோம். அக்கிருமி மனிதரையும் தொற்றும் என்பதால் ஒவ்வொரு முறையும் கைக்குச் சோப்பு. ஐந்தாம் நாள் பொருக்கு தானாகவே இளகி வந்தது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, அரிசிமணி பருமனில் மஞ்சளாய் ஒரு முளையும் வந்தது. வராமல் வீக்கம் ஏறியிருந்தால் கால்நடை வைத்தியரிடம் போயிருப்போம். ஆணி ஆழமாயிருந்தால் மரக்கவைத்து அறுத்தெடுப்பதும், எடையறிந்து மருந்து கொடுப்பதும் அவர் வேலை. வீட்டிலிருக்கிற வலி மாத்திரையைப் பொடித்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்: மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற பாறுக்கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே ஏறக்குறைய அழித்த பிறகுதான் 2006இல் நம் தேசத்தில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

புண் ஆறிக்கொண்டிருந்தது, அது ஏன் வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை. பஞ்சாரத்தில் சேவல் இருந்த நாட்களில் ஒரு விடியற்காலை விழித்துப் படுத்திருந்தபோது, தினமும் கேட்கும் ஒரு சத்தம் சில நாட்களாகக் கேட்கவில்லையே என்று திடீரென உறைத்தது. கொல்லைப்புறத்திலிருந்து 'தட்'டென்று ஒரு சத்தம். மட்டை விழுவதென்று நினைத்திருந்தேன். எழுந்துபோய்க் கொய்யா மரத்தைப் பார்த்தேன். சேவல் இரவில் அடையும் கிளை என் தலைக்கு மேலே இருந்தது. அதன் நேர்கீழே, துணி துவைக்கத் தோதாயிருக்கட்டுமென்று தை மாதத்தில் நானே முன்னின்று பூசுவித்த சிமெண்டுத் தளம். அந்தக் கனத்த சேவல் அவ்வளவு உயரத்திலிருந்து நாள்தோறும் அதன்மேல் குதித்து வந்திருக்கிறது. கீரியையும் தெருப்பையனையும் ஊர்க்கண்ணையும் அன்றே விடுதலை செய்தேன்.

மேற்கிளையை வெட்டிவிட்டு, முழங்கால் உயரத்தில் அகலமான ஒரு மரச்சட்டத்தை விளிம்பு மழுக்கிக் கட்டி, கீழே இரண்டு கூடை ஆற்றுமணலைக் கொட்டினோம். இருபத்திரண்டாம் நாள் பஞ்சாரத்தைத் தூக்கினோம். அன்றிரவு சேவல் சட்டத்தைச் சற்று ஏளனமாகப் பார்த்துவிட்டு, வேறு கதியின்றி ஏறிக்கொண்டது. மறுநாள் விடியலில், காது கொடுத்தால் மட்டுமே கேட்கும்படி, மணலில் 'தொப்'பென்று ஒரு சத்தம். அதன் பின், இருபத்தோரு நாள் பாக்கியையும் சேர்த்து வசூலிப்பதுபோல் ஒரு கூவல்.