வீட்டுச் சுவரில் ஒரு விரல் ஏணி

தோள்மூட்டு இறுகியவர்களுக்கு இயன்முறை மருத்துவப் பிரிவில் சுவரில் பொருத்திய மர ஏணி ஒன்றைக் காட்டுவார்கள். விரல்களால் ஏறுவதற்கான ஏணி அது. முறையைக் கற்றுக்கொண்டபின், இதற்கென்றே சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்திற்கு நாள்தோறும் பேருந்தேற வேண்டியதில்லை. வீட்டுச் சுவரே போதும்.

இடுப்பு உயரத்திலிருந்து கை எட்டும் உயரம்வரை ஓரங்குல இடைவெளியில் சுண்ணக்கட்டியால் கோடுகள் இடுங்கள். மரச்சட்டங்களை ஆணியடித்துப் பொருத்துவோரும் உண்டு. பழைய காரைச் சுவரில் அவை பெயர்ந்துவிடும். கோடே நல்லது. சுவரை நோக்கி நின்று, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நடப்பதுபோல் மேலேற்றுங்கள். தோளைக் காதுவரை தூக்குவதும் உடலைச் சாய்ப்பதும் கை ஏறியதாகக் கணக்காகாது. வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். இழுப்பு உணரும் இடத்தில் சில நொடிகள் நிறுத்தி, விரல்களாலேயே மெல்ல இறங்குங்கள். கையைப் பொத்தென்று விடலாகாது. எட்டிய கோட்டருகே தேதியை எழுதி வையுங்கள்.

அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் ‘உறைந்த தோள்’ எனப் பெயரிட்ட இந்நோய், நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. குணமாக மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரம் கோடு நகரவில்லையென்று கைவிடாதீர்கள். வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலோ, எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ நேர்ந்திருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கைவலியுடன் மார்பில் அழுத்தமும் வியர்வையும் தோன்றினால், தோள்நோய் என்றெண்ணிக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.