பாத்திரப் பெயரும் ஆகுபெயரும்

புக்கிட் செலம்பாவ் உணவுக்கடையில் 'மேகி கோரேங்' கேட்பவர், அது எந்த நிறுவனத்தின் மீ என்று ஆராய்வதில்லை. வணிகப்பெயர் அங்கே பொருட்பெயராகிவிட்டது. ஒன்றன் பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றுக்குத் தொன்றுதொட்டு வழங்குவதை நன்னூலார் ஆகுபெயர் என்பார். விளம்பரமோ மனிதரையும் இவ்வாறு பெயர்மாற்றி விடுகிறது.

1980களில் இந்தியச் சந்தையில் மலிவான நிர்மா சலவைத்தூள் சர்ஃபை நெருக்கியது. அப்போது லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சி, 'லலிதாஜி' என்னும் இல்லத்தரசியைப் படைத்தார். கறாராகப் பேரம் பேசும் தம் தாயாரே அதற்கு முன்மாதிரி என்றும் அவர் கூறியுள்ளார். மலிவானது வேறு, நல்லது வேறு என்பதே லலிதாஜியின் வாதம். அப்பெயரின் ஈற்றிலுள்ள 'ஜி' நம் கவனத்துக்குரியது. சலவைத்தூள் வாங்கும் பெண்ணை மதிப்பொட்டுடன் விளித்ததால், அவர் ஏமாற்ற இயலாத வாடிக்கையாளராக நிமிர்ந்து நின்றார். தமிழில் 'லலிதாம்மா' எனலாம். ஆயினும் அதில் உறவு மிகுந்து, கறார் சற்றே குறைந்துவிடும்.

லலிதாஜியாக நடித்தவர் கவிதா சௌத்ரி. காவல்துறை உயரதிகாரியான தம் தமக்கை காஞ்சன் சௌத்ரியின் வாழ்வைத் தழுவி, 1989இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'உடான்' தொடரை எழுதி இயக்கியவரும் அவரே. அதில் கல்யாணி என்னும் நாயகியாகவும் நடித்தார். மூன்று பொறுப்புகளை ஒருவரே சுமந்த பெரும்பணி அது. சலவைத்தூள் விளம்பரமோ சில நொடிகளே. எனினும் 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது வந்த இரங்கற் செய்திகளில், 'உடான்' கவிதாவுக்கு அருகிலேயே லலிதாஜியும் நின்றிருந்தார்.