இல்லத்து இசையைப் பேணுவோம்: குறைந்த செலவில் நிறைவான ஒலி, ஒளிப்பதிவு

திருமலைத் திருக்கோயிலினுள் சங்கீர்த்தன பண்டாரம் என்று வழங்கும் சிறிய அறை ஒன்று உண்டு. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) இயற்றிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு அங்கே நெடுங்காலம் காக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளன. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் உண்டு; ஆனால் அதனைப் பாடிய முறையைக் காட்டும் சுரக்குறிப்பு இல்லை. சொற்கள் செம்பில் நிலைத்தன. மெட்டு காற்றோடு போயிற்று. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) போன்ற அறிஞர்கள் பிற்காலத்தில் புதிதாக இசையமைத்துத் தந்தமையால்தான் அப்பாடல்கள் பல இன்று மேடையேறுகின்றன.

திருப்பதியிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூரும் இதே பாடத்தை வேறு வகையில் புகட்டுகிறது. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு கொண்டு விளங்கிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975), 1954ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவருடைய குரலை இசைத்தட்டுகளின் வழியே நாம் இன்றும் கேட்கலாம். ஆனால் அவருடைய குருநாதர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் (1889–1934) குரலைக் கேட்க வழியில்லை. இலய ஞானத்துக்குப் பெயர் பெற்ற அம்மேதையின் பாட்டு, கேட்டவர்களின் நினைவோடு மறைந்துவிட்டது.

பெரியோர்களுக்கு நேர்ந்த இவ்விழப்பு நம் இல்லங்களிலும் நாள்தோறும் நேர்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி வீடுகளில் நவராத்திரிக் கொலுவின்போது பாட்டியார் பாடும் பாடல், அவர் தம் தாயாரிடம் கற்ற பாடாந்தரமாக இருக்கும். அது எந்த நூலிலும் அச்சாகியிராது. அதனைப் பதிந்து வைக்க இன்று பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்னும் தெளிவே வேண்டும்.

கண்ணுக்கு முன் காதுக்குச் செலவிடுக

பதிவுக் கருவி வாங்கப் புறப்படுவோரில் பலர் முதலில் விலையுயர்ந்த கேமராவையே நாடுகின்றனர். நம் கருத்து வேறு. படம் சற்று மங்கலாக இருப்பினும் பாட்டைப் பொறுமையாகக் கேட்போம். ஒலி இரைச்சலாக இருந்தால், படம் எத்துணைத் தெளிவாயினும் இரண்டு நிமிடங்களில் நிறுத்திவிடுவோம். மேலும், காட்சியைப் பதியப் போதுமான கேமரா நம் கைப்பேசியிலேயே பெரும்பாலும் உள்ளது. ஆகவே புதிதாகச் செலவிடும் பணம் ஒலிக்கே முதலில் செல்லட்டும்.

கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைந்தது. மெல்லிய ஒலியைத் தானாகவே உயர்த்தும். உரத்த ஒலியைத் தானாகவே தாழ்த்தும். பாடகர் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்கு உயரும்போது வெளிப்படும் ஏற்ற இறக்கத்தின் அழகு இதனால் தட்டையாகிவிடுகிறது. இரைச்சலை நீக்கும் வசதி இயங்கினால், இடையறாது ஒலிக்கும் தம்புராவின் சுருதியையே இரைச்சல் என்று எண்ணி அது குறைத்துவிடக்கூடும். அவ்வசதியை நிறுத்தி வைக்க இயலுமா என்று முதலில் பாருங்கள்.

மூன்று படிகள்

கீழே தரும் விலைகள் தோராயமானவை. கடைக்குக் கடை மாறுபடும்.

முதற்படி, ஏறத்தாழ 2,000 ரூபாய். கைப்பேசிக்கு ஒரு டிரைபாட், சட்டையில் செருகும் கம்பியுள்ள சிறு மைக் ஆகியவை போதும். தனியாகப் பாடுவோருக்கும் பயிற்சியைப் பதிவு செய்யும் மாணவருக்கும் இது ஏற்றது. பக்கவாத்தியம் சேர்ந்தால் இது போதாது.

இரண்டாம் படி, 10,000 முதல் 15,000 ரூபாய் வரை. இரண்டு ஒலிவாங்கிகளைத் தன்னுள்ளேயே கொண்ட கையடக்க ரெக்கார்டர் இது. ஜூம், டாஸ்கம் போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைச் செய்கின்றன. மின்கலத்தில் இயங்குவதால் மின்தடை வந்தாலும் பதிவு நிற்காது, கணினியும் தேவையில்லை. குரல், வயலின், மிருதங்கம் ஆகிய மூன்றும் கூடிய இல்லக் கச்சேரிக்கு நாம் பரிந்துரைப்பது இதனையே.

மூன்றாம் படி, 25,000 முதல் 40,000 ரூபாய் வரை. ஆடியோ இண்டர்ஃபேஸ், இரண்டு கண்டென்ஸர் மைக், தாங்கிகள், கம்பிகள், ஹெட்போன் ஆகியவை இதில் அடங்கும். கணினியின் விலை தனி. குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பின்னர்ச் சீர்செய்ய விரும்புவோருக்கு இது உதவும். கண்டென்ஸர் மைக் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னூட்டத்தை வேண்டும். இண்டர்ஃபேஸ் அதனைத் தருமா என்று கேட்டறிந்தே வாங்குக.

காசில்லாத சீர்திருத்தங்கள்

கருவியைக் காட்டிலும் அறையே பதிவின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சிமெண்டு மேற்கூரையும் பளிங்குத் தரையும் உள்ள கூடத்தில் எதிரொலி மிகுதி. தரையில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள்; வெறுஞ்சுவரை மறைக்கப் போர்வைகளைத் தொங்கவிடுங்கள்; துணி நிறைந்த அலமாரிகளைத் திறந்து வையுங்கள். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் பதிவு முடியும்வரை நிறுத்துங்கள். கோயில் நகரில் ஒலிபெருக்கியும் வாகன இரைச்சலும் தவிர்க்க இயலாதவை. ஆதலின் தெரு அடங்கிய விடியற்காலமே உகந்தது.

அடுத்தது தொலைவு. திறந்த வெளியில் ஒலிவாங்கியின் தொலைவைப் பாதியாக்கினால் குரலின் அளவு 6 டெசிபல் உயரும். அறையிலும் குரல் மேலோங்கி எதிரொலி பின்வாங்கும். பாடகர் தரையில் அமர்ந்திருந்தால், ரெக்கார்டரை அவருக்கு முன்னே மூன்று முதல் நான்கடித் தொலைவில், முகவாய் உயரத்தில் நிறுத்துங்கள். மிருதங்கம் ஓங்கி ஒலித்தால் வாத்தியக்காரரைச் சற்றுப் பின்னே அமர வேண்டுங்கள். மெல்ல வாசிக்கச் சொல்வதைவிட இதுவே நன்று. சுருதிப் பெட்டியைப் பாடகரின் பின்புறம் வையுங்கள்.

பதிவு தொடங்குமுன் மேல் ஸ்தாயிச் சஞ்சாரம் ஒன்றையும் உரத்த கோர்வை ஒன்றையும் ஒரு நிமிடம் ஒத்திகை பாருங்கள். மிக உரத்த இடத்திலும் அளவுமானி மைனஸ் 12 டெசிபலை ஒட்டியே நிற்கட்டும். எல்லை மீறி உடைந்த ஒலியைப் பின்னர் முற்றிலும் சீர்படுத்த இயலாது.

காட்சிக்கு, சாளர வெளிச்சம் பாடகரின் முகத்தில் விழட்டும். முதுகின் பின்னே வேண்டாம். கைப்பேசியைக் கிடைமட்டமாக, அமர்ந்தவரின் கண் உயரத்தில் நிறுத்தி, அழைப்புகள் வாராதபடி விமான நிலையில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், நொடிக்கு 25 சட்டங்கள் என்னும் அளவைத் தேர்ந்தால் விளக்கின் மினுக்கல் குறையும். தொடக்கத்தில் கேமராவின் முன் ஒருமுறை கைதட்டுங்கள். ரெக்கார்டரில் பதிந்த ஒலியைப் படத்தோடு பின்னர்ப் பொருத்த அந்தத் தட்டலே அடையாளம்.

பேணிக் காத்தல்

பதிவை வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்னும் தரத்தில் வைத்திருங்கள். இரட்டை ஒலித்தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. இடமே தேவை. மூலப் பதிவை அப்படியே விட்டுப் படியெடுத்துத் திருத்துங்கள். ஒரு படி வீட்டு ஹார்டு டிஸ்க்கிலும், மற்றொரு படி வெளியூரில் உள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். கோப்பின் பெயரில் பாடியவர், இராகம், தாளம், நாள் ஆகியவற்றை எழுதுங்கள். பெயரில்லாத பதிவு, அடுத்த தலைமுறைக்கு யார் பாடியது என்று தெரியாத குரலாகிவிடும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல்

இக்கருவிகளைக் கடன் தவணையில் வாங்க வேண்டிய அவசரம் இல்லை. மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதத் தொடர் வைப்பில் சேமித்தால் 15,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். இரண்டாம் படிக்கு அது போதும். அதுவரை முதற்படியோடு பதிவைத் தொடங்குங்கள். பழைய கருவியை வாங்குவோர் நேரில் இயக்கிக் கேட்டபின்னரே பணம் தருக. யாரேனும் நமக்குப் பணம் அனுப்புவதாகக் கூறி யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவையில்லை. உத்தரவாதச் சீட்டையும் இரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பாடாந்தரத்தைச் சுமந்திருப்போர் பெரும்பாலும் முதியோர். சேமிப்பு வளரக் காத்திருக்கலாம், அவர்கள் குரல் காத்திராது. வரும் விடுமுறை நாளின் விடியலில் விசிறியை நிறுத்தி, ஜமுக்காளத்தை விரித்து, கையிலிருக்கும் கைப்பேசியைக் கொண்டேனும் ஒரு பாடலைப் பதிந்துவிடுங்கள்.