உடம்புக்குள் ஓர் அதிர்வு

இரவு கடையடைத்துப் படுத்தால், பக்கத்தில் மாவு மில் ஓடுவதுபோல உடம்புக்குள் ஓர் அதிர்வு. கையை நீட்டிப் பார்த்தால் நடுக்கம் இல்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று நாமே முடிவு கட்டி, டானிக் குடித்துக் காலம் கடத்துகிறோம்.

தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், சர்க்கரை திடீரெனக் குறைந்தாலும் உடல் படபடக்கும். சரக்கு இறங்கும் நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு டீயாகக் குடித்தாலும் அப்படித்தான். (எத்தனை டீ என்பதை எதிர்க்கடை டீக்காரரிடம் கேட்டால் சரியான கணக்கு கிடைக்கும்.) கவலை, தூக்கக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரும் இவ்வதிர்வைச் சொல்வதுண்டு.

நாம் கோட்டை விடுவது வைட்டமின் பி12 விஷயத்தில்தான். பால், முட்டை, மீன், இறைச்சியில் உள்ள இந்தச் சத்து, நாம் விற்கும் பருப்பிலும் தானியத்திலும் இல்லை. சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் இது குறையக்கூடும். பாதம் மரத்துப்போனால் ‘சர்க்கரையின் வேலை’ என்று விட்டுவிடுகிறோம். நாட்பட்டால் நரம்புச் சேதம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்! ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் ஊசி, மாத்திரையால் ஈடுகட்டலாம். மெட்ஃபார்மினை நாமாக நிறுத்தக் கூடாது.

நடை தள்ளாடினால் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்போம். திடீரென வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் செயலிழந்தால், கல்லாவைக்கூடப் பூட்ட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.