பாலித் தீவு: மலைநீரும் மக்கள் வாழ்வும்

இந்தோனேசியக் குடியரசின் மாகாணங்களுள் பரப்பாற் சிறியவற்றுள் ஒன்று பாலி. ஜாவாத் தீவின் கிழக்கு முனையிலிருந்து ஒடுங்கிய ஒரு நீரிணையாற் பிரிக்கப்பட்டு, பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 8 பாகையில் அது அமைந்துள்ளது. பரப்பு ஏறக்குறைய 5,600 சதுரக் கிலோமீற்றர். 2020-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சனத்தொகை 43 இலட்சம். 1958-இல் அது தனி மாகாணமாயிற்று. 1960-இல் தலைநகரம் வடகரைச் சிங்கராஜாவிலிருந்து தென்பாகத்து டென்பசாருக்கு மாற்றப்பட்டது.

பாலி என்றதும் வெண்மணற் கரையும், நடன மாதரும், கோபுர வாயில்களும் பலர் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அத்தீவின் உயிர்நிலை கடலில் இல்லை, மலையிலேயே இருக்கிறது.

மேற்கிலிருந்து கிழக்காக, வடகரைக்கு அண்மையில், எரிமலைத் தொடரொன்று தீவினை ஊடறுத்துச் செல்கிறது. அதன் சிகரம் 3,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஆகுங் மலை. அதற்கு அயலிலுள்ள பத்தூர் மலையின் பழைய எரிவாயிலே பெரியதோர் ஏரி தேங்கி நிற்கிறது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடமேற்குப் பருவக்காற்று இம்மலைகளில் மோதி மழை பொழிகிறது. வடக்கே சரிவு குறுகியது, வரண்டது. தெற்கே அது நீண்டு சாய்ந்து, ஆறுகள் பலவற்றைக் கடலுக்கு அனுப்புகிறது.

மலை அளிப்பது நீர் மட்டுமன்று. எரிமலைச் சாம்பலே தெற்குச் சமவெளியை வளப்படுத்தியது. ஆனால் அவ்வளத்துக்கு விலையும் உண்டு. 1963-இல், நூறு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் பெருவேள்வி பெசாக்கித் திருக்கோயிலில் நடைபெற்ற காலத்திலேயே ஆகுங் மலை வெடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீக்குழம்பு கோயிலை அணுகியும் அதனைத் தீண்டாது விலகிச் சென்றது.

பாலியின் ஆறுகள் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் அடியில் ஓடுகின்றன. வயல்களோ மேலே இருக்கின்றன. ஆதலால் நெடுந்தொலைவில், மேட்டில், அணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வழியே நீரைக் கொணர்தல் வேண்டும். சுரங்கம் அகழ்வோரைத் தனித்தொழிலாளராகவே பழஞ் சாசனங்கள் குறிப்பிடுகின்றன. இத்தகைய வேலை தனி ஒருவரால் இயலாதது. இத்தேவையிற் பிறந்ததே ‘சுபாக்’ எனப்படும் கமக்காரர் சங்கம். 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அதனைப் பற்றிய குறிப்பு உண்டு.

ஒரே வாய்க்காலால் நீர் பெறும் வயற்காரர் அனைவரும் ஒரு சுபாக்கின் உறுப்பினர். தம் தலைவரை அவர்களே தெரிவு செய்வர். வாய்க்கால் பிரியும் இடந்தோறும், பங்குக்கேற்ற அகலத்தில் வெட்டிய மரக்கட்டையொன்று குறுக்கே இடப்படும்; ஒவ்வொருவர் பங்கும் அவ்வெட்டின் வழியே பிரிந்து செல்லும். அணையைச் செப்பனிடுதலும், திருவிழாச் செலவும் எல்லோர்க்கும் பொது. விதைப்பு எப்போது, வயலைத் தரிசாக விடுதல் எப்போது என்பன கோயிற் கூட்டங்களில் முடிவாகும். நீர்க்கோயில்களுக்கெல்லாம் தலைமையானது பத்தூர் ஏரித் தேவியின் ஆலயம்.

மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்கு ஏன் நீர் விடுதல் வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். விடை பக்தியில் மட்டுமன்றிப் பயிரிலும் இருக்கிறது. அயல் வயல்கள் யாவும் ஒரே காலத்தில் அறுவடையாகி, ஒரே காலத்தில் நீர் நிறைந்து வெறுமையாய்க் கிடந்தால், எலியும் பூச்சியும் இரையின்றி அழியும். கீழ்வயல் பிந்தி விளைந்தாலோ, அங்கே பெருகிய பூச்சிகள் மேல்வயலைத் தேடி வரும். ஆகவே நீரைப் பகிர்தல் மேலுள்ளவர்க்கும் காப்பாகும்.

இவ்வுண்மை 1970-களில் மறக்கப்பட்டது. குறுகிய காலத்தில் விளையும் புதிய நெல்லினங்களை இயன்ற போதெல்லாம் விதைக்குமாறு அரசாங்கம் ஊக்கியது. பொது ஒழுங்கு குலைந்தது. நீர்த் தட்டுப்பாடும் பூச்சித் தொல்லையும் ஒருங்கே வந்தன. அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங், கோயில் ஒழுங்கு மூடநம்பிக்கையன்று, சிறந்த நீர் நிர்வாகமே என்பதைக் கணினிக் கணிப்பாலும் எடுத்துக்காட்டினார். கமக்காரரும் பழைய முறைக்கு மீண்டனர். 2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றது. தபனான் பகுதியின் ஜாத்திலுவி படிவயல்கள் அதனுள் அடங்கும்.

நெல்லைத் தவிர, கிந்தாமணி மேட்டு நிலத்திற் கோப்பியும், வடசரிவிற் கராம்பும், கிழக்கே சலாக் பழமும் விளைகின்றன. மரச்சிற்பமும் நெசவும் வெள்ளிவேலையும் பேர்பெற்ற கைத்தொழில்கள். மக்களுட் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். இராமாயண, பாரதக் கதைகள் அவர்தம் கூத்திலும் நிழற்பாவையிலும் வாழ்கின்றன. வடகரைச் செம்பிரானில் நடந்த அகழ்வில், உட்புறத்தே வட்டமாகப் புள்ளிக் கோலம் இட்ட பழம் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அரிக்கமேட்டிலும் அநுராதபுரத்திலும் கந்தரோடையிலும் கிடைத்தவையும் அவ்வகையினவே. சக ஆண்டுப் பிறப்பன்று பாலி மக்கள் மௌன விரதம் காக்கின்றனர்; அந்நாளில் விமான நிலையமும் மூடப்படும்.

இக்கலையையும் வயலழகையும் காணவே உலகம் பாலிக்கு வருகிறது. 2019-இல் வந்த வெளிநாட்டார் 62 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆனால் ஒரே தொழிலை நம்பி வாழ்தலின் ஆபத்தும் விரைவிலே வெளிப்பட்டது. பெருந்தொற்றினால் 2020-இல் மாகாணத்தின் உற்பத்தி 9 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. 2021-இல் நேரே வந்திறங்கிய வெளிநாட்டார் நூறு பேரும் இலர். ஹோட்டல் வேலை இழந்தோர் பலர் ஊர் திரும்பி, மீண்டும் மண்வெட்டி எடுத்தனர்.

இன்று உல்லாசப் பிரயாணிகள் திரும்பி வந்துவிட்டனர். அவர்களோடு பழைய கேள்வியும் திரும்பியுள்ளது. தெற்கே வயல்கள் விடுதிகளாகவும் வீடுகளாகவும் மாறுகின்றன. ஆழ்குழாய்க் கிணறுகளில் உவர்நீர் ஏறும் என்ற அச்சம் எழுந்துள்ளது. 2024 பெப்ரவரி முதல் ஒவ்வொரு வெளிநாட்டாரிடமும் பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கென 1,50,000 ரூப்பியா அறவிடப்படுகிறது. வரி நன்றே; எனினும் பணம் நீராகாது. வாய்க்காலின் தலைப்பில் வயல் மறைந்தால், கடைமடையிலுள்ளவன் பங்கைக் காப்பாரும் மறைவர். விருந்தினர் காண வரும் பசுமை அப்பங்கீட்டின் விளைவு. அதனைக் காப்பதே விருந்தோம்பும் தொழிலையும் காக்கும் வழியாகும்.